உப்பு டிரெய்லருக்குத் தளம்

ஜனவரி 17, சனி

காலையில் செல்லக்கனி மைனி பட்டறைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்து என் பரீட்சைத் தாளைப் பார்த்து எழுதியவள். ஆசீர் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் மைனி ஆனாள்.

அப்பா இந்த டிரெய்லர் பட்டறையை என் பெயருக்கு வைத்துவிட்டுக் கண்ணை மூடிய நாளிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பொம்பளைக்கு எதற்குப் பட்டறை என்று ஊர் முழுக்கச் சொன்னான். நான் வெல்டிங் கம்பியைப் பிடித்த வயதில் அவன் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான், அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் எங்கள் வேதக் கோயில் அசன விருந்தில் சாம்பார் வாளியோடு பந்தியில் வந்தவன் என் இலையை மட்டும் தாண்டிப் போனான். நான் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய் கூட இல்லாத சோறு.

இப்போது முள்ளக்காட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம் எடுத்து நடத்துகிறான். விடிந்ததும் வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போவதும், பிறகு உப்பு ஏற்றுவதும் ஒரே டிரெய்லர்தான். அதன் தளத்தில் போட்ட இரும்புத் தகட்டை உப்பு அரித்துவிட்டது. துரு கலந்து உப்பு சிவந்து, வாங்கினவர்கள் ஒரு லோடைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். புது டிரெய்லர் வேண்டும், தளம் நன்றாக இருக்க வேண்டும் என்றாள் மைனி.

யார் அனுப்பியது என்று கேட்டேன்.

"அவுகதான் அனுப்பிச்சாவ. ஆனா அவுக அனுப்பிச்சதாச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னாவ."

சரி என்று ஒத்துக்கொண்டேன். வேலை வேலைதான், அவன் பேச வேண்டும் என்பதற்காக இல்லை. ஆனால் இந்தத் தளத்தைப் பார்த்துவிட்டு அவன் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது, அப்படிப் போட்டுக் கொடுப்பேன். இந்தத் தூத்துக்குடியில் டிரெய்லர் தளத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஆள் பிறக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

என்ன போடுவது என்று இன்று முழுக்க யோசனை. இரும்புத் தகடு என்றால் ஒரு நாள் வேலை. ஆனால் உப்புக்கு இரும்பைக் கொடுப்பது ஆட்டுக்கு அகத்தியைக் கொடுப்பது மாதிரி. மேலே பெயிண்ட் அடித்தாலும் மம்பட்டி ஒரு வழி வழித்தால் பெயிண்ட் போய்விடும். அலுமினியம் துருப் பிடிக்காதுதான். அதை இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து உப்புத் தண்ணீரும் பட்டால் பூத்துப் பொடியாகும். பிளைவுட்டில் ஓரத்தில் கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், அப்பளம் மாதிரி உப்பிவிடும். மரப்பலகைதான் சரி.

மைனிக்கு ஃபோன் போட்டுப் பலகை என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருப்பாள் போல, பக்கத்தில் அண்ணன் குரல். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

செக்கர் பிளேட் போடச் சொல்லு என்றான் அவன், வரி வரியாகப் புடைத்த இரும்புத் தகடு. மைனி அதை, "செக்கர் பிளேட் போட்டா நல்லா இருக்குமோன்னு தோணுது ரூபி" என்று பதமாக மாற்றிச் சொன்னாள். வெயிலில் அந்தத் தகடு தோசைக்கல்லாய்க் காயும், அந்தப் பெண்கள் உட்கார வேண்டாமா, இதுகூடத் தெரியாமலா உப்பளம் நடத்துகிறான் என்று கேள் என்றேன். மைனி அவனிடம், "சூடாகுமாம்" என்று மட்டும் சொன்னாள். அவன், பலகையே போடட்டும், ஆனால் என்று என்னவோ முணுமுணுத்தான். எரிச்சலான குரல். கடைசி வார்த்தை கேட்கவில்லை.

என்ன சொல்கிறான் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, பலகையே போடு என்றாள்.

என் பேச்சுக்கு அவன் இறங்கி வந்தான். இது எத்தனை வருஷத்துக்குப் பிறகு நடக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

கடற்கரையில் ஒரு பழைய தோணியை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போய் வந்த தோணி. பலகையைத் தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி கணீரென்றது. கடலில் ஊறி ஊறி இறுகிப்போன மரம், புழு அண்டாது. வேம்பும் வாகையும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. விலை பேசி ஏற்றி வந்தேன்.

வெல்டர் சுடலைமுத்து பலகையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். அதில் ஆணி இருக்கிறது, அறுக்கும்போது வாள் போய்விடும் என்றார். காந்தம் வைத்துத் தேடி எடுக்கலாம் என்றேன். எடுத்தோம். ஒரு வாள் போனது. ஆணி என் கண்ணில் படாத இடத்தில் இருந்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

ஜனவரி 25, ஞாயிறு

கோயிலில் அண்ணன் ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தான். தலையில் நரை கூடியிருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை என்றாலும் வேலை பார்த்தோம். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் பழைய டியூபை வெட்டி ரப்பர் பட்டை வைத்தேன், இரும்பில் கோத்த ஈரம் மரத்துக்கு ஏறாது. பலகைகளை நீளவாக்கில் போட்டேன். குறுக்கே போட்டால் உப்பை வழிக்கும்போது மம்பட்டி ஒவ்வொரு இணைப்பிலும் இடறும். மரம் ஊதும் என்பதால் பலகைக்குப் பலகை ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி விட்டேன்.

பார்க்க அழகாக இருக்கிறது. சுடலைமுத்துவே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அபூர்வம்.

ஜனவரி 27, செவ்வாய்

தளத்துக்குப் பூச்சு. இந்தப் பக்கம் எல்லாரும் கழிவு எண்ணெயைத்தான் பூசுவார்கள், இஞ்சினிலிருந்து இறக்கின கருப்பு எண்ணெய். செங்கல் வண்டிக்கும் சாண வண்டிக்கும் அது போதும். உப்பு வண்டிக்கு அதைப் பூசினால் உப்பு கருக்கும், மண்டையில் மசாலா இருப்பவர்கள் செய்கிற காரியமா அது. நான் முந்திரிக்கொட்டை எண்ணெய் வாங்கினேன், கொட்டையின் ஓட்டிலிருந்து இறக்குவது. படகுக்காரர்கள் பூசுவது. காய்ந்துவிட்டால் கண்ணாடி மாதிரி நிற்கும், தண்ணீர் இறங்காது. மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்து அடியிலும் மேலேயும் ஓரத்திலும் நானும் சுடலைமுத்துவும் பூசினோம். சுடலைமுத்து கையுறை கேட்டார். கையுறை போட்டுக்கொண்டு பிரஷ் பிடிக்க இது என்ன ஆஸ்பத்திரியா என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் கென்னடி மாலத்தீவு மாலேயிலிருந்து ஃபோன் செய்தார். தோணியில் வேலை பார்க்கிறவர், இந்த எண்ணெயோடு பழகினவர். விஷயத்தைச் சொன்னேன்.

"பனிக்காலம்ல. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள காயாது. நல்லாக் காயப் போடு."

தெரியும் என்றேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சூரை மீன் குழம்பு என்றார்.

ஜனவரி 28, புதன்

உள்ளங்கையில் அரிப்பு. நேற்று ராத்திரி தின்ற நண்டு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

சுடலைமுத்து இன்று வரவில்லை. முகம் வீங்கியிருக்கிறது என்று அவர் வீட்டம்மாள் ஃபோன் செய்தாள். கண்டதைத் தின்றிருப்பார். என் விரல் இடுக்கிலும் சின்னச் சின்னக் கொப்புளம். நண்டு அத்தனை பழசாக இருந்திருக்கிறது, மீன்காரியைப் பிடித்துக் கேட்க வேண்டும்.

மைனி ஃபோன் செய்தாள். திங்கட்கிழமை பெண்கள் வேலைக்கு இறங்குகிறார்கள், வியாழக்கிழமை முதல் உப்பு வாரப் போகிறார்கள். வண்டி வரவில்லை என்றால் ஆறுமுகநேரியில் ஒருவனிடம் வாடகைக்கு எடுத்துக்கொள்வதாக அண்ணன் சொல்கிறானாம். அந்த ஆறுமுகநேரிக்காரன் போடுகிற தளத்தை நான் பார்த்திருக்கிறேன். கோழிக்கூண்டுக்குக்கூட ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி உங்கள் வாசலில் நிற்கும் என்றேன்.

போய்த் தளத்தைத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு பலகை லேசாக விரலைப் பிடித்தது. இரண்டு நாள் வெயில் போதும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். பச்சைச் சட்டம், தேன் நிறத்தில் தளம். தெருவே வந்து பார்த்தது. ஒருவர் இதில் படுத்து உறங்கலாம் போலிருக்கிறதே என்றார்.

அண்ணன் வெளியே வரவில்லை. அவன் செருப்பு வாசலில் கிடந்தது, ஜன்னல் திரை ஒரு தரம் அசைந்தது. நான் வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகத் தளத்தைத் தட்டிக் காட்டினேன். வரவில்லை. மைனி கொடுத்த காப்பியை நின்றுகொண்டே குடித்தேன்.

ஓரப் பலகை இன்னும் லேசாக விரலைப் பிடித்தது, கிளம்பும்போது மைனியிடம் சொன்னேன்: "உன் வீட்டு அவசரக்குடுக்கைகிட்டச் சொல்லு. ரெண்டு நாளைக்கு வெயில்ல நிறுத்தணும், ஒருத்தரும் ஏறக் கூடாது, அதுவரை பொம்பளைங்க பழைய வண்டியில போகட்டும். எதையும் ஒழுங்காச் செய்யாத மனுஷன், இதையாவது செய்யச் சொல்லு." மைனி தலையை ஆட்டினாள்.

மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லா இருக்கு என்றுகூட வேண்டாம், வந்துட்டியா என்றால் போதும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஃபோன் எதுவும் இல்லை. குறை இருந்தால் இதற்குள் சொல்லியிருப்பார்கள். குறை இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

மைனி காலையிலேயே அழைத்தாள், அழுதாள். திங்கட்கிழமை முதல் டிரெய்லரில் உட்கார்ந்து போன பெண்களுக்குக் காலிலும் தொடையிலும் கொப்புளம். அண்ணன் தினம் மத்தியானம் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தத் தளத்தில்தான் படுத்திருக்கிறான், நிழலுக்கு மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டு. முதுகு முழுக்கப் பொங்கிவிட்டது. குப்புறப் படுத்துக் கிடக்கிறான். உடம்பில் என்ன பட்டது என்று டாக்டர் கேட்கிறாராம்.

உப்பளத்தில் கால் புண்ணாவது புதுசா, உப்புத் தண்ணீராக இருக்கும் என்றேன். அண்ணன் பாத்திக்குள் இறங்கவே இல்லை என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். கொப்புளம் உடைந்து தோல் உரிகிறது. சுடலைமுத்து முகத்தைத் துடைத்ததும் பிரஷ் பிடித்த அதே கையால்தான். நண்டும் இல்லை, கண்டதும் இல்லை. நான்தான்.

கென்னடிக்கு ஃபோன் செய்தேன். காயாத பச்சை எண்ணெய் தோலைப் பொசுக்கும், தோணியில் பூசினால் காயும் வரை யாரையும் மேலே விடமாட்டார்கள் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். தெரியும் என்றாயே என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

சுடலைமுத்து வீட்டுக்கு முதலில் போனேன். வீக்கம் இறங்கியிருக்கிறது. கையுறை விஷயத்தை அவர் எடுக்கவில்லை, நானே எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றார்.

பிறகு அந்தப் பெண்களின் தெருவுக்கு. பேச்சித்தாய் என்பவள் சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். பார்க்க முடியவில்லை. உப்பில் நின்று ஏற்கெனவே வெடித்த கால்கள், அதன் மேல் இது. நான் போட்ட தளம், நான் பூசின எண்ணெய், காய்வதற்குள் நான்தான் கொண்டுவந்து விட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மருந்துச் செலவும் வேலைக்குப் போகாத நாளின் கூலியும் என்னுடையது என்றேன்.

பேச்சித்தாய் சேலையை இறக்கிவிட்டாள். "உக்கார நல்லாத்தான் இருந்துச்சு. அந்த இரும்புல குண்டி வெந்து சாவோம். பலகையை எடுத்துறாதீங்க, அந்த எண்ணெயை எடுங்க" என்றாள்.

அண்ணன் வீட்டுக்குப் போகிற தெருமுனை வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். எனக்குத் தைரியம் இல்லை. இதை இங்கே எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 7, சனி

பட்டறையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். டிராக்டர் சத்தம். அண்ணன் ஓட்டி வந்தான், பின்னால் டிரெய்லர். சட்டை இல்லை, முதுகில் ஈரத்துண்டு. சீட்டில் சாய முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். மைனி மட்கார்டில் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

இறங்கினவன் நேரே என் முன்னால் வந்து நின்றான்.

"ஏட்டி, ஒனக்கு அறிவிருக்கா? கடல்லயே கெடந்து உப்பேறுன பலகை. நாளைக்கும் உப்புலதான் கெடக்கப் போவுது. அதுக்கு மேல எதுக்குட்டி எண்ணெய்? உப்புக் குடோன்ல மரத்தூணுக்கு எவனாவது பெயிண்ட் அடிச்சிருக்கானா, அது மக்கிப் போச்சா? மேல ஒண்ணும் பூச வேண்டாம்னு சொல்லி அனுப்பிச்சேனே, கேட்டியா நீ?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எப்போது சொல்லி அனுப்பினாய் என்றேன். இரண்டு நாள் ஏறக் கூடாது என்று நான் சொல்லி அனுப்பினேனே, நீ கேட்டாயா என்றேன். அவன் அப்படி யாரும் சொல்லவில்லை என்றான். நானும் அப்படி யாரும் சொல்லவில்லை என்றேன். அப்புறம்தான் இரண்டு பேரும் மைனியைத் திரும்பிப் பார்த்தோம்.

மைனி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஆமா, நான்தான் சொல்லல. அவுக, அந்தக் கழுதைகிட்டச் சொல்லு, மேல ஒண்ணும் பூசாதன்னு சொன்னாவ. நீ, அந்த அவசரக்குடுக்கைகிட்டச் சொல்லுன்னு சொன்ன. கழுதையையும் குடுக்கையையும் விழுங்கப் போயி, கூட இருந்த சேதியையும் விழுங்கிட்டேன். வண்டி நல்லபடியா வரட்டும், சண்டை வேண்டாம்னு பாத்தேன். எத்தனை வருஷம் நான் ஒங்களுக்கு நடுவுல நிக்க? பேச்சித்தாயி காலைப் பாத்துட்டு என்னால நேத்துச் சோறு திங்க முடியல. இனி ஒரு சொல்லு சுமக்க மாட்டேன். என்ன வேணுமோ நேரா கேட்டுக்கிடுங்க."

சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போய் மினி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

பட்டறையில் நானும் அவனும் மட்டும். சுடலைமுத்துவும் இல்லை. முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எரிகிறது என்றான். காட்டு என்றேன். துண்டைத் தூக்கிக் காட்டினான். சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கி வந்து இப்படித்தான் முதுகைக் காட்டுவான். நான் அழுதுவிட்டேன். சத்தமாகவே அழுதேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, வேலையைப் பாரு என்றான்.

பலகையைக் கழற்றினால்தான் ஓரத்தில் தேங்கின எண்ணெயைத் துடைக்க முடியும். போல்ட்டை மேலே ஒருவர் பிடிக்க வேண்டும், அடியில் ஒருவர் படுத்து நட்டைத் திருக வேண்டும். அவனால் மல்லாக்கப் படுக்க முடியாது. நான் கையுறை போட்டுக்கொண்டு அடியில் நுழைந்தேன். அவனும் கையுறை போட்டுக்கொண்டு ஓரமாக நின்று மேலே பிடித்தான். திருகட்டா என்பேன், திருகு என்பான். சாயங்காலம் வரை வேறு பேச்சில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

பலகைகளை மண்ணெண்ணெயில் துடைத்து, மேல் பக்கத்தை இழைத்துத் தள்ளி, வெயிலில் நிறுத்தியிருக்கிறோம். சுடலைமுத்து வந்துவிட்டார், கையுறையோடு. மேலே பூச்சு வேண்டாம் என்று அண்ணன் சொன்னதை ஒத்துக்கொண்டேன். அடியிலும் வெட்டு முனையிலும் பூசியே ஆக வேண்டும், மழைத் தண்ணீர் நின்று மக்குவது அங்கேதான் என்று நான் சொன்னதை அவன் ஒத்துக்கொண்டான். காய்ந்ததா என்று அவனே தினம் வந்து பார்ப்பானாம். என் கண்ணை நம்ப முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னான். சரிதான்.

பேச்சித்தாய்க்குப் புண் ஆறி வருகிறது.

பிப்ரவரி 19, வியாழன்

எண்ணெய் முழுக்கக் காய்ந்தது. வெள்ளைத் துணியை அழுத்தித் துடைத்துப் பார்த்தோம், கறை இல்லை. நேற்றே என் முன்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், இன்றும் ஒன்றும் இல்லை. இன்று திருப்பிப் பூட்ட ஆரம்பித்தோம்.

பலகைக்குப் பலகை நான் விட்ட இடைவெளி அதிகம், உப்பு ரோட்டில் கொட்டிக்கொண்டே போகும் என்கிறான் அண்ணன். குறைத்தால் மழைக்கு மரம் ஊதி ஒன்றை ஒன்று தூக்கிவிடும் என்கிறேன் நான். உனக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும் என்கிறான். உனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்கிறேன். மத்தியானச் சோற்றை ஒரே தூக்குவாளியிலிருந்து தின்றுகொண்டே சண்டை போட்டோம். சுடலைமுத்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் மைனி என் ஃபோனுக்கு நாலைந்து தரம் அடித்திருக்கிறாள், அவன் ஃபோனுக்கும் அடித்திருக்கிறாள். இரண்டு பேருமே எடுக்கவில்லை. எடுக்க நேரமில்லை.